ஏழாம் வளைவில் நின்ற புள்ளி

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ரேடியோக்காரர்கள் வைத்த பெயர் பம்பரம். வைத்தவர் ஒரு பல் டாக்டர். பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசாங்க உரிமம் வாங்கிய ரேடியோக்காரர்கள் ஊரில் பன்னிரண்டு பேர் ஒரு நாள் டாக்டர் வீட்டு மாடியறையில் கூடிப் பேசினார்கள். இரண்டு மணி நேரத்தில் இவர் ஒன்பது முறை எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். மின்விசிறியின் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றியே விட்டார். திரும்ப மாட்டியபோது விசிறியின் கிறீச்சொலி நின்றுபோயிருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சுறுசுறுப்பானவர்கள் வேலை முடிந்தால் காலை நீட்டி உட்காருவார்கள். இவருக்குக் கால் தரையில் பாவாது. ஐம்பத்திரண்டு வயது. நாற்பத்தொரு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் இவர் பொறுப்பில். பகல் முழுவதும் ஏறி இறங்கி, கிரீஸ் பூசி, கம்பிகளைத் தடவிப் பார்த்துவிட்டு மாலை வீட்டுக்கு வந்தால், தோளில் பை தொங்கத் தொங்கவே பின்னறைக்குப் போவார். மூன்றாம் மாடி வீட்டில் துணி காயப்போட விட்ட அறை அது. இப்போது துணிகள் கூடத்து நாற்காலிகளின் முதுகில் காய்கின்றன. பழைய கதவு ஒன்றை இரண்டு இரும்பு அலமாரிகளின் மேல் படுக்கவைத்ததுதான் அவருடைய மேசை. பூட்டு இருந்த ஓட்டை வழியாக ஒயர்கள் கீழே இறங்கும்.

அந்த மேசையில் எப்போதும் விளக்கு எரியும் பெட்டிகள் இரண்டு. ஒன்று கேட்வே. கையில் பிடிக்கும் ரேடியோ செட்டில் பேசினால் குரல் ஏழெட்டு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். கேட்வே அந்தக் குரலை எண்களாக வாங்கி இணையத்தில் ஏற்றி, இன்னொரு ஊரில் இருக்கும் இன்னொரு கேட்வேயில் இறக்கிவிடும். அங்கே ஒருவர் சட்டைப்பையில் இருக்கும் செட்டில் நம் குரல் கேட்கும். நடுவில் கடல் இருந்தாலும் கவலையில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒருவர் விடாமல் பேசினால் கேட்வே தானே அவர் வாயை அடைத்துவிடும். அந்த ஊரில் அப்படி அதிகம் அடைபட்ட வாய் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

“பொட்டிக்கே உங்க பேச்சு தாங்கல பாருங்க,” என்பார் டாக்டர்.

இரண்டாவது பெட்டி பேசாது, கேட்க மட்டும் செய்யும். ரேடியோக்காரர்கள் சிலர் வண்டியில் ஒரு செட் வைத்திருப்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அது, நான் இன்னார், இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன், இவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று ஒரு சின்னக் கீச்சொலியில் சொல்லும். இன்னார் என்பது அரசாங்கம் கொடுத்த அழைப்புக்குறி. அதன் வாலில் ஓர் எண். வண்டியில் இருக்கும் செட்டுக்கு ஒன்பது, கையில் இருப்பதற்கு ஏழு என்று ஒரு வழக்கம். பெட்டி அந்தக் கீச்சொலியைக் கேட்டு இணையத்துக்கு அனுப்பும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரைபடத்தைத் திறந்து அந்தப் புள்ளி நகர்வதைப் பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு ஆயிரம் புள்ளிகள். பம்பரத்துக்கு ஒன்றே ஒன்றுதான். குட்டி வேன் படம் போட்டு, வாலில் ஒன்பது போட்டு, மலையேறிப் போகும் அந்தப் புள்ளி அவர் மனைவி.

அவள் நடமாடும் கண் மருத்துவமனையின் வேன் ஓட்டுநர். வாரத்தில் மூன்று நாள் மருத்துவரையும் கண்ணாடிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வருவாள். முதல் வளைவு தாண்டினால் செல்போன் வெறும் டார்ச் லைட். அதற்காகத்தான் ரேடியோ. உரிமத் தேர்வை இருவரும் ஒரே நாளில் எழுதினார்கள். அவளுக்கு நான்கு மதிப்பெண் கூடுதல். அவள் அதை எங்கும் சொன்னதில்லை. இவர்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். மலைப்பாதையில் மோசமானது ஏழாம் வளைவு. ஓரத்துக் கம்பித் தடுப்பு உடைந்து பல வருடமாகிறது. அதைத் தாண்டினால் ஒரு பள்ளத்தாக்கு. கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லும் மலையுச்சி ரிப்பீட்டருக்கும் அங்கே காது கேட்காது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அந்த வளைவில் நின்று, பழைய செட்டை வைத்து, இங்கிருந்து சத்தம் உச்சிக்கு எட்டுகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். எட்டியது. பம்பரத்துக்கு அன்று ஒரு வேளை சோறு கூடுதலாக இறங்கியது.

புள்ளி பார்க்கும் பைத்தியம் மூன்று வருடமாகத்தான். அதற்கு முன் அவர் கேட்வேயில் தூரதேசத்துக்காரர்களோடு வானிலையும் ஆன்டெனாவும் பேசிப் பொழுதைக் கழித்தவர். மூன்று வருடத்துக்கு முன் பைக்கில் இருந்து விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். விலா எலும்பில் இரண்டு விரிசல். ஆறு வாரம் வீட்டில் இருந்தார். படுக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் இருந்த அந்த ஆறு வாரத்தில் கையில் போனை வைத்துக்கொண்டு மனைவியின் புள்ளியைப் பார்க்கத் தொடங்கினார். விலா ஆறிவிட்டது. பார்வை ஆறவில்லை.

“ரெண்டாவது வளைவுல எதுக்கு ஒன்பது நிமிஷம் நின்ன?”

“டாக்டரம்மாவுக்கு வாந்தி.”

“இறங்கும்போது நாலாவதுல வேகம் நாப்பத்தஞ்சு காட்டிச்சே.”

“நாப்பத்தஞ்சு காட்டினா நாப்பத்தஞ்சுல வந்திருப்பேன்.”

“அந்த இடத்துல முப்பதுதானே போகணும்?”

“நீங்க வந்து ஓட்டுறீங்களா?”

இப்படி வாரத்துக்கு மூன்று நாள். அவள் பொறுமைசாலி. குரலை உயர்த்தத் தெரியாதவள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், கோபமே இல்லாமல், காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“நீங்க பாக்குறது எனக்கு முதுகுல அரிக்குது. வண்டியில மூணு பேர் உக்காந்திருக்காங்க, ஆனா நான் நாலாவதா ஒரு ஆள ஏத்திக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. பாருங்க, வேணாங்கல. ஆனா கேக்கக் கூடாது. இன்னொரு தடவ ஏன் நின்ன, எதுக்கு நின்னன்னு கேள்வி வந்துச்சுன்னா, அந்த செட்டக் கழட்டிக் கொண்டாந்து உங்க மேசையில வச்சிடுவேன். அப்புறம் புள்ளியும் கிடையாது ஒண்ணும் கிடையாது.”

சொன்னால் செய்கிறவள். அது பம்பரத்துக்கு நன்றாகவே தெரியும். அந்தப் புள்ளி போய்விட்டால் வாரத்தில் மூன்று பகல்களை எப்படிக் கடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாயைக் கட்டினார். இரண்டு மாதம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காத கேள்விகளெல்லாம் காலுக்கு இறங்கின. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் பின்னறைக்கும் நடந்தார். கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் படியேறி வந்து, “மேல ஏதாவது மெஷின் ஓடுதா சார்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பம்பரத்துக்கு விடுமுறை. விடுமுறை அவருக்கு ஆகாது. காலை ஏழு மணிக்கு மனைவி கிளம்பிப் போனதும் குழாயின் வாஷரை மாற்றினார். நன்றாக இருந்த வாஷர். பிறகு பின்னறைக்கு வந்து அலமாரியில் இருந்த பழைய செட்டை எடுத்தார். வேனில் போன வாரம்தான் புதுச் செட் வைத்திருந்தார். கைக்கு அடக்கமானது, காந்தத்தில் ஒட்டிக்கொள்வது. பழையதன் அமைப்புகளை ஒயர் போட்டு அப்படியே புதியதில் நகலெடுத்தது ஐந்து நிமிட வேலை. பழையதில் செயற்கைக்கோளைப் பார்க்கும் பாகம் செத்துவிட்டது. பேச்சு மட்டும் சுத்தமாக வரும். அதன் ஒலித் திருகு கொஞ்சம் கரகரத்தது. கழற்றினார், துடைத்தார், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், மாட்டினார், திருகிப் பார்த்தார். ஒலியைக் குறைத்து, சார்ஜ் தொட்டிலில் மேசையோரமாக நிறுத்தினார். இதெல்லாம் முடிந்தபோது மணி பத்து நாலு.

நடுவில் பத்து மணிக்கே வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார். ஐந்தாம் வளைவு. பத்து இரண்டுக்கு ஆறாம் வளைவு. அடுத்தது ஏழு, அதற்கப்புறம் பள்ளத்தாக்கு. அங்கே இரண்டு மணி நேரம் புள்ளி பேசாது. அந்த மௌனம் அவருக்குப் பழகிய மௌனம். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடுவார். பத்து ஆறுக்கு ஏழாம் வளைவு வந்தது. சரி என்று எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பத்து எட்டு: ஏழாம் வளைவு. வேகம் பூஜ்யம்.

பத்துப் பத்து: ஏழாம் வளைவு. வேகம் பூஜ்யம்.

இது மௌனம் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் புள்ளி வந்து, இங்கேதான் இருக்கிறேன், நகரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மாவுக்கு வாந்தியாக இருக்கும் என்றார் தனக்குத்தானே. பத்து இருபது. டயராக இருக்கும். டயர் மாற்ற இருபது நிமிடம் போதும், அவளுக்குப் பதினைந்து போதும். பத்து முப்பது. கூடத்துக்குப் போனார், வந்தார். ஈரத்துணி போட்டிருந்த நாற்காலியை இடித்தார். கேட்கக் கூடாது என்றுதானே சொன்னாள். பேசிப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே. ஏழாம் வளைவிலிருந்து குரல் எட்டும் என்று இருவருமாகத்தானே சோதித்தோம். பத்து நாற்பதுக்கு மைக்கை எடுத்தார். மலையுச்சி ரிப்பீட்டர் இவருடைய கேட்வேயோடு இணைந்திருந்தது. அவள் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். நான்காம் முறையும் கூப்பிட்டார்.

“என்ன பம்பரம்?” டாக்டர்தான். ஒரு கடைவாய்ப் பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வந்திருப்பார்.

“ஏழாவது வளைவுல நிக்குது டாக்டர். முப்பத்தஞ்சு நிமிஷமா. கூப்பிட்டா பதில் இல்ல. தடுப்பு இல்லாத இடம். வண்டி கீழ போயிருந்தா செட்டு மட்டும்...”

கேட்வேயில் ஒரு பேச்சு என்றால் அது இரண்டு பேர் பேச்சு இல்லை. மூன்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் வேறு தேசத்திலிருந்து, ஒன்றும் ஆகியிருக்காது நண்பரே என்றார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல உடைந்து வந்தது. பம்பரம் அதற்குள் போனை எடுத்து மலையடிவாரத்து மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டிருந்தார். எடுத்தது மச்சினன். மனைவியின் தம்பி, அங்கேதான் வேலை.

“மாமா, பதறாம சொல்லுங்க. ஏழாவது வளைவா? நிச்சயமா தெரியுமா?”

“கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன்டா.”

அந்த வார்த்தையை அவர் பிற்பாடு பல நாள் நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

மீட்பு வண்டி பதினொன்று இருபதுக்கு வளைவுக்குப் போய்ச் சேர்ந்தது. சாலையில் வேன் இல்லை. தடுப்பு உடைந்திருந்தது, எப்போதும் உடைந்திருப்பதுதான், ஆனால் அக்காவைத் தேடி வந்தவன் கண்ணுக்கு அது இன்று உடைந்ததாகவே தெரிந்தது. கீழே புதருக்குள் ஏதோ பழுப்பாகத் தெரிகிறது என்றான் கைசெட்டில்; ரிப்பீட்டர் வழியாக அது பின்னறையிலும் கேட்டது. கயிறு கட்டி இறங்கினான். பின்னறையில் பம்பரம் கதவு மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் புள்ளி இன்னும் வந்துகொண்டிருந்தது. இங்கேதான் இருக்கிறேன். நகரவில்லை.

“வண்டி இல்ல மாமா,” என்றது மச்சினன் குரல், மூச்சிரைப்போடு. “துருப்பிடிச்ச டிரம்முதான். இன்னும் கொஞ்சம் கீழ பாக்குறேன்.”

பிறகு கல் சரியும் சத்தம். வேறொரு குரல் வந்து, பையன் சறுக்கிவிட்டான், கணுக்கால் போய்விட்டது, மேலே தூக்குகிறோம் என்றது.

டாக்டர் மெதுவாகப் பேசினார். பல் பிடுங்கும்போது பேசும் குரல். “பம்பரம், ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அந்தப் புள்ளிய கேட்டது யாருன்னு பாத்தீங்களா?”

ரேடியோக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். புள்ளியோடு கூடவே ஒரு வரி வரும். எந்தப் பெட்டி அதைக் கேட்டது, நடுவில் எந்த ரிப்பீட்டர் திருப்பிச் சொன்னது என்று. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்த வரியைப் பார்க்கச் சொல்லித்தருகிறவர் பம்பரமேதான். அன்று ஒன்றரை மணி நேரம் புள்ளியைப் பார்த்தாரே தவிர, அந்த வரியை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். ஆறாம் வளைவு வரை, மலையுச்சி ரிப்பீட்டர் வழியாக. ஏழாம் வளைவு, பத்து ஆறிலிருந்து, ரிப்பீட்டர் எதுவும் இல்லை. நேரடியாகக் கேட்டது: அவருடைய பெட்டி.

ஏழாம் வளைவுக்கும் அவர் வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. அங்கிருந்து நேரடியாக இங்கே ஈ, எறும்பின் சத்தம்கூட எட்டாது.

மேசையோரத்தில், அவருடைய இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, சார்ஜ் தொட்டிலில் இருந்த பழைய செட்டின் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது. திரையில் புள்ளி வந்தது.

எல்லாம் புரிந்துவிட்டது. போன வருடம் அந்த வளைவில் நின்றபோது செயற்கைக்கோள் பிடிக்கவில்லை. இடத்தின் எண்களைக் கையால் அடித்து, இதுதான் என் இடம் என்று செட்டுக்குச் சொன்னவர் இவரே. அதை நீக்க மறந்தார்; செயற்கைக்கோள் கிடைக்காதபோதெல்லாம் செட் அந்த எண்களைத்தான் சொல்லும். நகலெடுத்தபோது புதுச் செட்டுக்கும் அதே அழைப்புக்குறி, அதே வால் ஒன்பது. பழையதன் வாலை மாற்ற மறந்தார். காலையில் திருகைத் திருகிப் பார்த்தவர் கடைசிவரை அணைக்கவும் மறந்தார். அவர் மேசையில் நின்றுகொண்டு அது, நான்தான் உன் மனைவி, ஏழாம் வளைவில் இருக்கிறேன் என்று அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தது. அவள் பத்தே காலுக்கெல்லாம் பள்ளத்தாக்குக்குள் போய், கிராமத்தில் வண்டியை நிறுத்தி, பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டிக்கொண்டிருப்பாள்.

உயிர் திரும்பி வந்தது முதலில். அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. செட்டை அணைத்தார். அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அசையாமல் உட்கார்ந்ததை யாராவது பார்த்திருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது இதைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு, செயற்கைக்கோள் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தோண்ட மாட்டார்கள். செயற்கைக்கோள் வந்து மறுக்கப் போவதில்லை. அவளுக்கும் தெரியாது; செட் வேனிலேயே இருக்கும்; புள்ளியும் இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அந்தப் பொய். ஆனால் காதுக்குள் கல் சரிகிற சத்தம் நிற்கவில்லை.

மைக்கை எடுத்தார்.

“டாக்டர், எல்லாரும் கேளுங்க. அது என் மேசையில இருக்கற பழைய செட்டு. நான்தான் அணைக்க மறந்துட்டேன். அந்த இடத்த அடிச்சு வச்சதும் நான்தான். ஏழாவது வளைவுல யாரும் இல்ல. மச்சான் கால் ஒடஞ்சது என்னால. நான் அந்த வரியப் பாக்கல. பாத்திருந்தா ஒருத்தரும் கயிறு கட்டியிருக்க வேண்டாம்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேட்வேக்கு அவர் வாயை அடைக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. “சரி பம்பரம்,” என்றார் டாக்டர். “போய் அவனப் பாருங்க.”

மருத்துவமனையில் மச்சினன் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். இவரைப் பார்த்ததும் சிரித்தான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அக்கா நல்லா இருக்குல்ல, விடுங்க மாமா. அந்த டிரம்மையாவது மேல ஏத்தியிருக்கலாம், பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம்,” என்றான். பம்பரம் கட்டிலின் சக்கரம் ஒன்று ஆடுவதைக் கண்டு குனிந்து இறுக்கிக் கொடுத்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மனைவிக்கு விஷயம் திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் தெரிந்தது. காவலாளி அவளைப் பார்த்து, செத்தவள் எழுந்து வந்தது போல விழித்தாராம். நேரே தம்பியைப் போய்ப் பார்த்துவிட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து புதுச் செட்டை எடுத்து, காந்தத்தோடு, கதவு மேசையின் மேல் வைத்தாள்.

“நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கலையே,” என்றார் பம்பரம். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அது அவருக்கே.

“கேக்கல. ஊரையே விட்டுக் கேக்க வச்சீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. நாற்காலியில் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா? மூணு வருஷமா கேக்காம வச்சிருக்கேன். பைக்ல இருந்து விழுந்தீங்களே, எந்தத் தெருவுல?”

பம்பரம் புதுச் செட்டின் காந்தத்தைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

“உங்க கூட வேலை பாக்கறவரோட சம்சாரம் அந்த வாரமே எங்கிட்ட சொல்லிட்டா. எட்டு மாடி ஆபீசு. நீங்க லிஃப்ட்டு மேல நிக்கிறீங்க. மெயின் சுவிட்ச அணைச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டு ஏறியிருக்கீங்க, அணைக்கல. ஒன்றரை மாடி சர்ருன்னு இறங்கிச்சு. பிரேக்கு பிடிச்சதால விலாவோட போச்சு. பைக்கு அன்னிக்கு வீட்டு வாசல்லதான் நின்னுது. நீங்க பஸ்ல போனீங்க.”

“நீ பயப்படுவேன்னு...”

“பயந்துட்டுத்தான் இருக்கேன். தினமும் பயந்துட்டுத்தான் இருக்கேன். நாப்பத்தொரு கட்டடம். நான் வாரத்துல மூணு நாள் மலையேறுறேன், நீங்க ஆறு நாள் குழிக்குள்ள இறங்குறீங்க. என்னிக்காவது, எறங்கிட்டேன், வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா?” அவள் குரல் உயரவில்லை. “விழுந்தது நீங்க. காவல் மட்டும் எனக்கா?”

பம்பரத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை காலம் மலைப்பாதைக்குப் பயப்படுவதாகத்தான் நினைத்திருந்தார். காலடியில் தரை நழுவிய அந்த ஒன்றரை மாடியைத்தான் மூன்று வருடமாக அவள் புள்ளியின் மேல் ஏற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பழைய செட்டுல பேச்சு வரும்ல?” என்று கேட்டாள் அவள்.

“சுத்தமா வரும்.”

“அது எனக்குப் போதும். வேணும்னா கூப்பிடுவேன். இது நாளைல இருந்து உங்க பையில.”

“குழிக்குள்ள வானம் தெரியாதும்மா. புள்ளி வராது.”

“வெளிய வந்தா வரும்ல? வந்துட்டீங்கன்னு தெரிஞ்சா போதும்.”

அன்று மாலை பம்பரம் செய்த முதல் வேலை இரண்டு செட்டுகளிலிருந்தும் அந்த இடத்தை அழித்தது. இரண்டாவது, புதியதில் தன்னுடைய அழைப்புக்குறியைப் போட்டு, வாலில் ஏழு போட்டது. போட்டுவிட்டு மூன்று முறை சரிபார்த்தார்.

மறுநாள் பதினோரு மாடிக் கட்டடம். அவளுக்கு ஊருக்குள்ளேயே முகாம், மலைக்குப் போகவில்லை. காலை ஒன்பது நாற்பதுக்கு பம்பரம் கட்டடத்தின் கேட்டுக்குள் நுழைந்தார். பன்னிரண்டே காலுக்கு கிரீஸ் கையோடு வெளியே வந்து, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்த்து நின்றார். விளக்கு பச்சையாயிற்று, கீச்சென்றது. போனைப் பார்த்தார். அவள் கூப்பிடவில்லை. டீக்கடையில் வேண்டுமென்றே பதினோரு நிமிடம் நின்றார். அப்போதும் கூப்பிடவில்லை. பார்க்கவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தபோது ஒரு மாதிரி வலித்தது. மாலையில் அவள் வந்து குளித்து, சாப்பாட்டுக்கு உலை வைத்தாள். பம்பரம் கூடத்துக்கும் பின்னறைக்கும் நான்கு நடை நடந்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா உங்களுக்கு முதுகுல அரிக்கும்,” என்றாள். அவ்வளவுதான்.

அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவலாம் என்று பையைத் திறந்தார். டப்பாவுக்கு அடியில், முகாமில் கொடுக்கும் கண் பரிசோதனைச் சீட்டு ஒன்று மடங்கிக் கிடந்தது. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. ஒன்பது நாற்பது, கேட். ஒன்பது ஐம்பது, கேட். பத்து மணி, கேட். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி, ஒன்றன் கீழ் ஒன்றாக, எல்லாவற்றிலும் கேட், கேட், கேட். போகப் போகப் பென்சிலை அழுத்திப் பிடித்திருந்தாள். பதினொன்றரைக்குத் தாள் கிழிந்திருந்தது. கடைசி வரி பன்னிரண்டே கால். அதில் மட்டும் கேட் இல்லை. வெளிய, என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அடுப்படியில் அவள் எப்போதும் போல நிதானமாகக் கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் பம்பரம் ஒன்றுதான் என்று பதினெட்டு வருடமாக நினைத்திருந்தவர் சீட்டை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் காலை வேறொரு கட்டடம். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் வெளியே நின்று போனை எடுத்தார்.

“உள்ள போறேன். பன்னெண்டு ஆகும். முன்னப்பின்ன ஆனா மேல வந்து சொல்றேன்.”

“சரி,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “போயிட்டு வாங்க,” என்றாள்.

மாடிக்கு ஏறி மெயின் சுவிட்சை அணைத்தார். இறங்கி வந்து பாதி வழியில் நின்றார். திரும்ப ஏறிப்போய், அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.